சினிமாப் படிப்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டர்பனில் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். மகள் இந்த வருஷம் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. ஃபிலிம் அண்ட் மீடியாதான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். அரசுப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேர்ப்பதா, தனியார் திரைப்படப் பள்ளியில் சேர்ப்பதா என்று முடிவுசெய்ய முடியவில்லை. அதற்கு முன்பே கேமரா கேட்கிறாள். 30,000 ராண்ட் ஒதுக்கி வைத்திருக்கிறோம். போன மாதம் அவளுடைய ஆயாவைச் சமையலறையில் உட்காரவைத்து, தமிழில் பேசச்சொல்லி ஃபோனில் எடுத்தாள். படம் முழுக்கக் கறுப்புப் பட்டை ஓடுகிறது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. எடிட் செய்தால் போகப்போக வாயும் பேச்சும் சேரவில்லை. நல்ல கேமரா இருந்தால் சரியாகிவிடுமா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

கேமராவை இப்போது வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் முதல் இரண்டும் விலை உயர்ந்த கேமராவிலும் அப்படியே வரும். மூன்றாவதைச் செலவே இல்லாமல் சரிசெய்யலாம்.

பட்டைக்குக் காரணம் விளக்கு. தென்னாப்பிரிக்காவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்கு அது தெரியாது. ஃபோன் வழக்கமாக நொடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கிறது, ஒவ்வொரு ஃப்ரேமும் எவ்வளவு நேரம் ஒளி வாங்கவேண்டும் என்ற ஷட்டர் வேகத்தைத் தானே தீர்மானித்துக்கொள்கிறது. அந்த வேகம் விளக்கின் துடிப்போடு பொருந்தாதபோது பட்டை விழுகிறது. 25 ஃப்ரேம், ஷட்டர் நொடியில் 1/50 என்று வைத்துவிட்டால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் முழுதாக இரண்டு துடிப்பு அடங்கும், பட்டை போய்விடும். ஐஃபோனில் 25 ஃப்ரேம் வேண்டுமானால் கேமரா செட்டிங்கில் 'பால்' (PAL) வடிவங்களைக் காட்டச்சொல்ல வேண்டும். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப்பில் ஷட்டரையும் சேர்த்துப் பூட்டிவிடலாம். வெளியில் டர்பன் வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துப்போகும். அங்கே விளக்குத் தொல்லை இல்லாததால் ஷட்டர் வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம்.

வாயும் பேச்சும் விலகுவதற்குப் பெரும்பாலும் காரணம், ஃபோனின் சாதாரண ஆப்பில் ஃப்ரேம் வேகம் நிலையாக இல்லாமல் ஏறி இறங்குவது. எடிட்டிங் மென்பொருள் அதை நிலையானது என்று எடுத்துக்கொள்ளும்போது விலகல் சேர்ந்துகொண்டே போகும். எடுத்துவிட்ட படத்தை ஹேண்ட்பிரேக் மென்பொருளில் போட்டு, மாறாத 30 ஃப்ரேமுக்கு மாற்றிவிட்டுப் பிறகு எடிட் செய்யச் சொல்லுங்கள்.

ஒலிதான் மாணவர் படங்களை அதிகம் கெடுப்பது. கொஞ்சம் மங்கலான படத்தை யாரும் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியாவிட்டால் இரண்டாம் நிமிஷத்திலேயே மனம் விலகிவிடும். ஃபோன் எட்டடி தள்ளி இருந்தால் அதன் மைக்கும் எட்டடி தள்ளித்தான் இருக்கிறது. தரை ஓட்டிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியை அது குரலோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறது. கிணற்றுச் சத்தம் அதுதான். சட்டையில் குத்தும் சிறிய லேப்பல் மைக் ஒன்றை மோவாய்க்கு ஒரு சாண் கீழே, சேலை உரசாத இடத்தில் மாட்டி, இன்னொரு ஃபோனில் தனியாகப் பதிவுசெய்யலாம். அந்த ஃபோன் ஏர்பிளேன் மோடில் இருக்கட்டும். ஆரம்பத்தில் கேமரா முன்னால் ஒருமுறை கைதட்டினால் படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்துவது எளிது. அளவு காட்டும் ரெக்கார்டர் ஆப்பாக இருந்தால், உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த ஒலியை நல்லபடி மீட்க முடியாது. இரையும் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு, கார் சாவியை அதற்குள் வைக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் கிளம்பும் முன் மறக்காமல் மறுபடி போடுவாள். எல்லாம் முடிந்ததும் யாரும் பேசாமல் அறையின் அமைதியை மட்டும் 30 நொடி பதிவுசெய்ய வேண்டும். வெட்டிய இடங்களில் அடியில் போட அது இல்லையென்றால் ஒவ்வொரு வெட்டும் காதில் இடறும்.

இனி படிப்பு. ஃபிலிம் அண்ட் மீடியா என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு படிப்புகள் இருக்கின்றன. ஒன்றில் படத்தைப் பார்த்து, வாசித்து, வாதிட்டு எழுதுவார்கள். இன்னொன்றில் எடுப்பார்கள். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் முதல் வகைக்கே எடை அதிகம். ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் படம் எடுப்பது பாடத்தின் நடுவிலேயே இருக்கிறது. ஆஃப்டா போன்ற தனியார் பள்ளிகளில் செய்முறைதான் எல்லாம். டர்பனிலேயே அதற்கு வளாகம் இருக்கிறது. சில இடங்களில் தயாரிப்புப் பிரிவுக்கு முதல் வருஷத்துக்குப் பிறகு சிலரை மட்டும் தேர்ந்தெடுப்பார்கள். எனவே ஓபன் டேயில் கேட்க வேண்டியது கட்டடத்தைப் பற்றி அல்ல. ஒவ்வொரு வருஷமும் ஒரு மாணவர் எத்தனை படம் எடுக்கிறார், எத்தனை பேருக்கு ஒரு கேமரா, தேர்வில்லாமல் தயாரிப்புப் பிரிவுக்குள் போக முடியுமா என்று கேளுங்கள்.

உங்கள் மகளுக்கு வாசிக்கப் பிடிக்குமானால் நான் பி.ஏ.வைத்தான் சொல்வேன். கேமராவும் எடிட்டிங்கும் வெளியில் கற்றுக்கொள்ளலாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே பட்டம் முடியும்வரை போதும். ஒரு காட்சி ஏன் வேலைசெய்கிறது என்று வாரந்தோறும் எழுதவைத்துத் திருத்தித்தரும் ஆள் வெளியில் கிடைப்பது அரிது.

அந்த எழுத்தில்தான் முதல் வருஷப் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். காட்சியை அலசச் சொன்னால் கதையைச் சொல்லிவிட்டு வருகிறார்கள், மதிப்பெண் அங்கேயே போய்விடுகிறது. இப்போதே பழகலாம். அவளுக்கு நன்றாகத் தெரிந்த தமிழ்ப் படம் ஒன்றில் மூன்று நிமிஷக் காட்சியை எடுத்து, ஒருமுறை ஒலியை அணைத்துப் பார்க்கட்டும், ஒருமுறை கண்ணை மூடிக் கேட்கட்டும். பிறகு ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு வரி: எத்தனை நொடி, குளோசப்பா லாங் ஷாட்டா, கேமரா நகர்கிறதா, என்ன கேட்கிறது. முழுப் பட்டியலையும் எழுதி முடித்தபின் எங்கே ஒழுங்கு மாறுகிறது என்று தேடவேண்டும். அதுவரை எட்ட நின்ற கேமரா திடீரென்று ஒரு முகத்தை நெருங்கினால் கட்டுரை அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது.

கோட்பாட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். எடுத்தவர் நினைத்த பொருளையே பார்ப்பவர் எடுத்துக்கொள்வதில்லை என்று பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973-ல் எழுதினார். தென்னாப்பிரிக்காவுக்கு டி.வி. வந்ததே 1976-ல்தான். அதற்கு முன் டர்பனில் விக்டோரியா தெரு, கிரே தெருப் பக்கத்துத் தியேட்டர்களில் நம் குடும்பங்கள் சென்னைப் படங்களைப் பார்த்து எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள்? மூன்று வருஷப் பட்டத்துக்குப் பிறகு ஹானர்ஸ் என்ற ஓராண்டு மேற்படிப்பைச் செய்தால் அதற்கு இது அருமையான ஆய்வுப் பொருள். அந்தத் தியேட்டர்களுக்குப் போனவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள், அதனால் பேட்டிகளுக்காக நாலாம் வருஷம்வரை காத்திருக்கக் கூடாது. அதற்கு வேண்டிய தமிழ் அவளுக்கு வீட்டிலேயே இருக்கிறது.

பணத்தில் மைக்குக்கும் ஸ்டாண்டுக்கும் கொஞ்சம் போகட்டும். ஒரே அளவில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிவாகும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. பிடிக்கும். ஒன்று வீட்டிலும் மற்றது வேறு வீட்டிலும் இருக்கவேண்டும். மீதியை வங்கியில் போடுங்கள், எந்தக் கேமரா வேண்டும் என்று இரண்டாம் வருஷத்தில் அவளுக்கே தெரியும்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்டுக்குள் இருந்தால் அரசின் மாணவர் நிதித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அது அரசுக் கல்வி நிலையங்களுக்கு மட்டும்தான், தனியார் பள்ளிக்குக் கிடைக்காது. நம் மாகாணமான குவாசூலு-நேட்டாலில் உள்ள அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு சி.ஏ.ஓ. என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான் விண்ணப்பம். கேப் டவுனுக்கும் விட்ஸுக்கும் தனித்தனியாகப் போடவேண்டும், கெடுவும் வேறு வேறு. மெட்ரிக் முடிவு வரட்டும் என்று இருந்தால் இடம் போய்விடும். 11-ஆம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து இந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.