பொத்தான் வந்தது போல நூல் வராது

கேள்வி: எங்கள் பூனை சென்ற மாதம் சட்டைப் பொத்தான் ஒன்றை விழுங்கியது; மறுநாள் மாலை அது மலத்தோடு வெளியே வந்துவிட்டது. சென்ற வாரம் மல்லிகைச் சரத்தின் நூலை விழுங்கிக்கொண்டிருந்தபோது, வாயில் தொங்கிய முனையைப் பிடித்து இழுத்து எடுத்துவிட்டேன். மறுபடியும் இப்படி நேர்ந்தால், பக்கத்து வீட்டில் சொல்வது போல உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கலாமா, அல்லது விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: இரண்டுமே வேண்டாம். உப்பு பூனையின் உடலுக்குக் கேடு. வலிந்து புகட்டும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும்.

பொத்தான் தானாக வந்துவிட்டதால் நீங்கள் துணிந்துவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. உருண்டையான, வழவழப்பான சிறு பொருள் பெரும்பாலும் ஓரிரு நாளில் வெளியேறிவிடும், நூல் அப்படியன்று. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பதால், வாய்க்குள் போன நூலைத் துப்ப நினைத்தாலும் அதனால் முடியாது. நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கினால், நாடாவை இழுக்கும்போது பாவாடைத் துணி சுருங்குவது போலக் குடல் முழுவதும் நூலின்மேல் சுருங்கி, நாளடைவில் நூல் குடற்சுவரை அறுத்துவிடும். சென்ற வாரம் நூல் முழுதாக உங்கள் கையோடு வந்தது நல்ல காலம். உள்ளே சிக்கியிருந்தால், நீங்கள் இழுத்த இழுப்பே குடலை அறுத்திருக்கும். ஆசனவாயில் நூல் தொங்கினாலும் இதே கதைதான். இழுக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். சாப்பாடு எதுவும் கொடுக்காமல் கூடையில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

ஊசியோ, கைக்கடிகார பேட்டரியோ விழுங்கியிருந்தால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக் காத்திருக்கக் கூடாது. பேட்டரி உணவுக்குழாயில் தங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அவ்விடத்தை வேகவைத்துவிடும். எதை விழுங்கியது என்று தெரியாத நிலையில், திரும்பத் திரும்ப வாந்தி, எச்சில் ஒழுகுதல், உணவை முகர்ந்துவிட்டு விலகுதல், கட்டிலுக்கு அடியில் போய் முடங்குதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே காட்டிவிடுங்கள்.

உள்ளூர் கால்நடை மருத்துவமனையில் எக்ஸ்ரே வசதி உண்டா என்று முதலிலேயே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. இல்லையென்றால் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போகலாம். ஊசியும் பேட்டரியும் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். நூலும் ரப்பர் பேண்டும் தெரியாது. ஆகவே, விழுங்கியது போக மிஞ்சிய சரத்தையோ நூற்கண்டையோ கையோடு எடுத்துச் சென்று, எவ்வளவு நீளம் குறைகிறது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.