லாமா ஹோட்டலிலிருந்து ஒரே நாளில் கியாஞ்சின் கோம்பாவா?

தம்பி, சுங்கை சிப்புட்டில் தினமும் செம்பனைத் தோட்டத்து மேட்டில் ஏறி இறங்கறேன், லீவு ஒரு நாள் மிச்சமாகுமே, நேபாளத்து லாங்டாங் மலைப்பாதையில் இப்படிப் போகலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம். கால் தாங்கும், மூச்சுதான் தாங்காது. லாமா ஹோட்டல்ங்கிற தங்குமிடம் இருக்கிற 2,400 மீட்டர் சொச்சத்திலிருந்து ஒரே தாவலா கியாஞ்சினோட 3,870! 3,000-ஐத் தாண்டினா, படுக்கிற இடம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல உயரக்கூடாது. லாங்டாங் கிராமத்தில் (3,430) ஒரு ராத்திரி, கியாஞ்சினில் ரெண்டு ராத்திரி. நான் உயரத்தால வந்த தலைவலியை வழிகாட்டிகிட்ட மறைச்சேன். கம்பளியைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்தே விடிஞ்சது. வாந்தியும் சேர்ந்தா மேல ஏறாதீங்க, குறையலைன்னா கீழே இறங்கிடுங்க. டயமாக்ஸ் (உயர நோய்க்கான மாத்திரை) வேணும்னா டாக்டரைக் கேட்டுத்தான். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தா முதல்லயே சொல்லிடுங்க. அப்புறம், பால்மரம் வெட்டப் போற அந்த ‘கம்போங் அடிடாஸ்’ ரப்பர் சப்பாத்து நம்ம காட்டுக்கு ராஜா. அங்கே விரல் விறைச்சுப்போகும்.