மருத்துவர் பதில்: ஜிம் ஊசியை அடியோடு தடை செய்ய வேண்டாமா?

கேள்வி: நான் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறேன். 21 வயதாகும் என் மகன் பாளையங்கோட்டையில் அறை எடுத்துத் தங்கி, போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறான்; ஜிம்முக்கும் போகிறான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அவன் பையில் எண்ணெய் போன்ற மருந்துள்ள குப்பிகளும் ஊசிகளும் இருந்தன. கேட்டால், “மாஸ்டர் சொல்லித்தான் போடுகிறேன்” என்கிறான். முதுகு முழுக்கப் பரு, எதற்கெடுத்தாலும் கோபம். இந்த ஸ்டீராய்டை அரசாங்கம் ஏன் அடியோடு தடை செய்யவில்லை? அவனோ, “சாராயத்தை அரசாங்கமே விற்கிறது, இதை மட்டும் ஏன் தடுக்க வேண்டும்? டாக்டர் மேற்பார்வையில் போட்டால் ஒன்றும் ஆகாது” என்று வாதாடுகிறான். என் மனைவிக்கு இளைப்புக்காகக் கொடுத்திருக்கும் இன்ஹேலரிலும் ஸ்டீராய்டு இருப்பதாக அறிந்து, பயந்துபோய் அதையும் நிறுத்திவிட்டோம். செய்தது சரிதானா?

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் கடைசிக் கேள்வி காத்திருக்கக் கூடாதது என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் மனைவி இன்ஹேலரை இன்றைக்கே மீண்டும் எடுக்கத் தொடங்க வேண்டும். ஸ்டீராய்டு என்பது ஒரு மருந்தின் பெயர் அன்று. ஒரே அடிப்படை வேதியமைப்பைக் கொண்ட பெரியதொரு குடும்பத்தின் பெயர். அட்ரினல் சுரப்பியில் ஊறும் கார்ட்டிசாலைப் போன்றவை அக்குடும்பத்தின் ஒரு கிளை. அவை மூச்சுக்குழாயின் அழற்சியைத் தணிக்கின்றன, இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில்தான் சேர்க்கப்படுகின்றன. டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனும் அதைப் போலச் செய்யப்பட்ட மருந்துகளும் மற்றொரு கிளை; உங்கள் மகனின் பையில் இருந்தவை அந்தக் கிளையைச் சேர்ந்தவையாகவே இருக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் மகன்மேல் உள்ள பயத்தில் மனைவியின் மருந்தை நிறுத்திவிட்டால், ஒரு பனிக்கால இரவில் அவரை மூச்சுத் திணறலோடு தூக்கிக்கொண்டு ஓட நேரிடும். (உடம்பு போடுவதற்கென்று சில மெடிக்கல்களில் சீட்டில்லாமல் கொடுக்கப்படும் டெக்சாமெத்தசோன் மாத்திரை முதல் கிளையைச் சேர்ந்ததுதான். அதனால் ஏறுவது நீரும் கொழுப்புமே தவிரத் தசை அன்று. நெடுநாள் விழுங்கினால் இருக்கும் தசையும் கரையும்.)

இனி உங்கள் மகனைப் பற்றிப் பேசுவோம். அந்த ஊசியால் ஒரு பயனும் இல்லை என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அது உண்மையில்லை, அவர் தினமும் கண்ணாடியில் காண்பதை நீங்கள் இல்லையென்று மறுத்தால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார். 1996-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 43 ஆரோக்கியமான ஆண்களில் ஒரு பகுதியினருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் பத்து வாரம் போட்டுப் பார்த்தார்கள். உடற்பயிற்சியே செய்யாமல் ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களுக்குக் கொழுப்பில்லா எடை 3 கிலோ அளவுக்கும், பயிற்சியும் செய்தவர்களுக்கு 6 கிலோ அளவுக்கும் கூடியது. மருந்தில்லாத ஊசியோடு பயிற்சி செய்தவர்களுக்கு 2 கிலோ அளவுக்கே கூடியது. ஆகவே மருந்து வேலை செய்கிறது. ஆனால் அந்த ஆய்வு பத்தே வாரத்தில் முடிந்துபோனது. ஜிம்களில் ‘சைக்கிள்’ என்று பெயரிட்டு, ஒன்றுக்கு மூன்று மருந்தாகச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொள்பவர்களின் உடலில் என்ன நடக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

என்ன நடக்கிறது என்பதை ஒரு விவசாயிக்கு விளக்குவது எளிது. கால்வாயில் தண்ணீர் கரை தொட்டு வரும் நாளில் நீங்கள் கிணற்று மோட்டாரைப் போடுவதில்லை. ஓர் ஆணின் விரைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனைத்தான் சுரக்கின்றன. வெளியிலிருந்து அதைப்போலப் பல மடங்கு பாய்ந்தவுடன், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் ஏவலை நிறுத்திவிடுகிறது. விரைகள் சுருங்குகின்றன, விந்தணு உற்பத்தி குறைந்து நின்றுபோகிறது. உலக சுகாதார நிறுவனம் 1990-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே சோதிக்கப்பட்டது. வாரம் 200 மில்லிகிராம் போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தில் ஓர் அணுகூட இல்லாமற்போனது. ஆண்மையைக் கூட்டும் என்று நம்பிப் போடப்படும் ஊசியை மருத்துவ உலகம் கருத்தடைக்காகச் சோதித்தது என்பதை உங்கள் மகனிடம் அவசியம் சொல்லுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, திருமணமாகி நான்கு ஆண்டுகள் குழந்தையில்லாத ஒரு தம்பதியர் என்னிடம் வந்தார்கள். அந்தப் பெண் அதற்குள் ஏறாத கோயில் இல்லை, எடுக்காத ஸ்கேன் இல்லை. கருக்குழாய்ச் சோதனை இரண்டு முறை செய்யப்பட்டிருந்தது. மாமியார் வீட்டில் அவர் கேட்ட சொற்களை அவர் என்னிடம் சொல்லவில்லை, அவருடைய அம்மா சொன்னார். கணவருக்கு ஒருமுறைகூட விந்துப் பரிசோதனை செய்யப்படவில்லை, ஏனென்றால் அந்தத் தோளையும் மார்பையும் பார்த்த எவருக்கும் அவரைச் சோதிக்கத் தோன்றவில்லை. சோதித்தபோது அணுக்களின் எண்ணிக்கை சுழியமாக இருந்தது. மனைவியை வெளியே அமர்த்திவிட்டுத் தனியாகக் கேட்ட பிறகுதான், திருமணத்துக்கு முன்பிருந்தே ஊசி போட்டுவருவதை அவர் ஒப்புக்கொண்டார். நிறுத்தச் சொல்லி, வேண்டிய மருத்துவம் தொடங்கி, அணுக்கள் மீண்டும் தென்பட ஓராண்டுக்கு மேலாயிற்று. எல்லோருக்கும் அவ்வாறு மீளும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். நாலைந்து ஆண்டுகள் ஓடாமல் கிடந்த மோட்டார் சுவிட்சைப் போட்டவுடன் தண்ணீர் இறைப்பதில்லை.

இதயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எடை தூக்கும் 140 ஆண்களைச் சோதித்து 2017-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் வெளியே தள்ளும் பங்கு, ஊசி போடாதவர்களுக்குச் சராசரியாக 63 விழுக்காடாகவும் போட்டவர்களுக்கு 52 விழுக்காடாகவும் இருந்தது. இதனுடன் நல்ல கொழுப்பு குறைகிறது, ரத்தம் கெட்டிப்படுகிறது, இதயத்தின் சுவர் தடிக்கிறது. மாத்திரையாக விழுங்கும் வகைகள் கல்லீரலைக் கெடுக்கின்றன. வளர்ச்சி முடியாத பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்தட்டு முன்கூட்டியே மூடி உயரம் நின்றுபோகிறது. மருந்தின் ஒரு பகுதி உடலில் பெண் ஹார்மோனாக மாறுவதால் மார்பகம் வளர்ந்து, அறுவைச் சிகிச்சைக்கு வரும் இளைஞர்களும் உண்டு. உங்கள் மகனுக்கு முதுகில் வந்திருக்கும் பருவும் அந்தக் கோபமும் இந்த வரிசையின் தொடக்கமாக இருக்கலாம்.

தடை செய்ய வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். அடியோடு தடை செய்யக் கூடாது என்பதே என் பதில். பிறவியிலேயே விரை வளர்ச்சி குன்றிய ஆண்கள், பிட்யூட்டரிக் கட்டிக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், பருவமடைதல் மிகவும் தாமதப்பட்ட சில சிறுவர்கள் ஆகியோருக்கு டெஸ்டோஸ்டிரோன் மருந்துதான் வாழ்க்கை. சட்டமே இல்லை என்று நீங்கள் நினைப்பதும் சரியன்று. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் இவ்வகை மருந்துகள் ‘எச்’ அட்டவணையில் இருக்கின்றன. மருத்துவரின் சீட்டில்லாமல் அவற்றை விற்பது குற்றம். விளையாட்டில் ஒலிம்பிக் குழு 1975-இலேயே இவற்றைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. 1999-இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை தோன்றியது. நம் நாடாளுமன்றம் 2022-இல் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. எழுத்தில் தடை இருக்கிறது. கடை மேசையிலும் ஜிம்மின் பின்னறையிலும்தான் அது இல்லை.

சாராயத்தை விற்கும்போது இதை ஏன் தடுக்க வேண்டும் என்று உங்கள் மகன் கேட்பதை வெறும் விதண்டாவாதமென்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. மதுவால் அழிந்த கல்லீரல்களை வாரந்தோறும் பார்க்கிற நான், அதை விற்பதற்கு வக்காலத்து வாங்கவும் மாட்டேன். ஆனாலும் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. ஒருவர் குடிப்பதனால் பக்கத்து வீட்டுக்காரர் குடித்தே தீர வேண்டும் என்ற நிலை வருவதில்லை. போட்டியில் அப்படியன்று. ஊர்க் கபடியில் எதிரணியில் நான்கு பேர் ஊசி போட்டு இறங்குகிறார்கள் என்று தெரிந்தால், போட விரும்பாத பையனுக்கு ஆட்டத்தை விட்டு விலகுவது அல்லது தானும் போட்டுக்கொள்வது என்ற இரண்டு வழிதான் மிஞ்சும். ஒருவருடைய விருப்பம் அடுத்தவருடைய உடலின்மேல் கட்டாயமாக ஏறும் இடத்தில் தடை வேண்டும். விளையாட்டு அத்தகைய இடம். ஆகவே அங்கே தடை முழுமையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மருத்துவர் மேற்பார்வையில் போட்டால் ஒன்றும் ஆகாது என்ற வாதத்தையும் வரலாறு ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டது. கிழக்கு ஜெர்மனியில் 1974 முதல் அரசே திட்டம் வகுத்து, மருத்துவர்கள் அளவு குறித்துக் கொடுக்க, ஆயிரக்கணக்கான விளையாட்டு வீரர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. நீச்சல் பயின்ற பதின்வயதுச் சிறுமிகளிடம் அவை வைட்டமின் என்றே சொல்லப்பட்டன. சோதனைக்கூடம் இருந்தது, கணக்கேடு இருந்தது, கண்காணிப்புக்கு மருத்துவர்கள் இருந்தார்கள். இருந்தும் அச்சிறுமிகளின் குரல் உடைந்து கனத்தது, முகத்தில் மயிர் வளர்ந்தது, பிற்காலத்தில் கல்லீரல் நோயும் மகப்பேற்றுச் சிக்கல்களும் வந்தன. அந்தத் திட்டத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த அதிகாரியையும் மருத்துவரையும் 2000-ஆம் ஆண்டில் பெர்லின் நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடி, பின்னர் ஸ்டீராய்டு கண்டுபிடிக்கப்பட்டுப் பதக்கத்தை இழந்த கனடா ஓட்டக்காரர் பென் ஜான்சனுக்கும் ஒரு மருத்துவர் இருந்தார். நஞ்சின் அளவைக் குறித்து வைத்துக்கொள்வதை நான் மேற்பார்வை என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஆனால் தடையின் கை யார்மேல் விழ வேண்டும் என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. சீட்டில்லாமல் விற்கும் கடைக்காரர்மேல் விழ வேண்டும். பையன்களிடம் பணம் வாங்கிக் குப்பியைக் கைமாற்றும் மாஸ்டர்மேல் விழ வேண்டும். அறுவைச் சிகிச்சையின்போது தாழ்ந்துபோன ரத்த அழுத்தத்தை உயர்த்துவதற்காக உள்ள மெபென்டர்மின் ஊசியைக் களைப்பு தெரியாமல் எடை தூக்குவதற்காக ஜிம்மில் விற்பவர்மேல் இன்னும் கடுமையாக விழ வேண்டும். அது ஸ்டீராய்டே அன்று, இதயத்தை விரட்டிப் பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்து. ஊசி போட்டுக்கொண்ட பையனைக் காவல் நிலையத்துக்கு இழுப்பதை மட்டும் நான் எதிர்க்கிறேன். அமெரிக்காவில் 1990-இல் வந்த சட்டத்தால், சீட்டில்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றமானது. பிரிட்டனில் விற்பது குற்றம், தன் உபயோகத்துக்கு வைத்திருப்பது குற்றமன்று. இரண்டாவது வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. வழக்கு வரும் என்று பயப்படும் பையன் நெஞ்சு வலித்தாலும் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லமாட்டான். ஒரே ஊசியை நாலு பேர் பகிர்ந்துகொண்டதையும் சொல்லமாட்டான், எச்.ஐ.வி.யும் பி, சி வகை மஞ்சள் காமாலையும் அந்த வழியாகவும் பரவுகின்றன.

உங்கள் மகனுக்கான தேர்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு மார்பு 81 சென்டிமீட்டர் இருந்து, மூச்சை இழுத்தால் 86 ஆக விரிய வேண்டும். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். அந்த 5 சென்டிமீட்டர் விரிவு நுரையீரலிலிருந்தும் விலாத்தசைகளிலிருந்தும் வருவது, புஜத்திலிருந்து அன்று. ஊசியால் உடலில் நீர் தேங்கி எடை ஏறிய பையன் ஓட்டத்தில் பின்தங்குவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். தசைக்கு வேண்டிய புரதம், கடும் பயிற்சி செய்பவருக்கும் கிலோ எடைக்கு 1.6 கிராம் அளவு போதும். முட்டை, மீன், கொண்டைக்கடலை, பால், உங்கள் வீட்டு உளுந்தங்களி ஆகியவற்றால் அதை எட்டிவிடலாம்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். அவரைத் திட்டாதீர்கள், உறவினர் முன்னால் இதைப் பேசாதீர்கள். ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கோ, உங்களுக்குப் பழக்கமான பொது மருத்துவரிடமோ அழைத்துச் சென்று, உள்ளே அவரைத் தனியாகப் பேச விடுங்கள். ரத்த அழுத்தம், ரத்தத்தின் கெட்டித் தன்மை, கொழுப்பு, கல்லீரல், டெஸ்டோஸ்டிரோனும் அதை ஏவும் பிட்யூட்டரி ஹார்மோன்களும், எக்கோ என்னும் இதய ஸ்கேன், மேலே சொன்ன தொற்றுகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும். ஊசியை நிறுத்திய பின் சில மாதங்கள், சொந்தச் சுரப்பு திரும்பும் வரை, சோர்வும் மனத்தளர்ச்சியும் வருவது வழக்கம். பலர் அப்போதுதான் மறுபடியும் குப்பியைத் தேடிப் போகிறார்கள். அந்த மாதங்களில் அவர் பாளையங்கோட்டை அறையில் தனியாக இருக்க வேண்டாம், உங்களோடு இருக்கட்டும். வாழ்வதில் பொருளில்லை என்பதுபோல் ஒரு சொல் சொன்னாலும், அடுத்த நாள் வரை காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

அந்தக் குப்பிகளைக் கோபத்தில் வாய்க்காலில் எறிந்துவிட வேண்டாம். உறையோடும் சீட்டோடும் அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இவ்வாறு கைமாறி வரும் மருந்துகளில் வெளியே எழுதியிருப்பது ஒன்றும் உள்ளே இருப்பது வேறொன்றுமாக இருப்பதுண்டு. எதை, எவ்வளவு, எத்தனை மாதம் போட்டார் என்பதை அவரே ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரட்டும்.