டூர் வேனில் மாஸ்க் கட்டாயம் என்றால் புக்கிங் குறையுமா?

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து ஊட்டி, வால்பாறை, ராமேஸ்வரம் என்று டூர் நடத்துகிறேன். சொந்தமாக இரண்டு டெம்போ டிராவலர் இருக்கின்றன. வருகிறவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள், மீதிப் பேர் குழந்தைகளோடு வரும் குடும்பங்கள். காய்ச்சல், வைரஸ் என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரு தரப்பு, "வண்டிக்குள்ள மாஸ்க் கட்டாயமாக்குங்க" என்கிறது. இன்னொரு தரப்பு, "மாஸ்க் போட்டுக்கிட்டு ஊட்டிக்கு எதுக்கு வரணும்?" என்று கேன்சல் செய்கிறது. 2025 ஜனவரியில் எச்எம்பிவி என்ற சளி, காய்ச்சல் வைரஸ் பற்றிப் பேச்சு எழுந்து நீலகிரியில் மாஸ்க் அணியச் சொன்னபோது எனக்குச் சில புக்கிங் கைவிட்டுப் போனது. அரசு உத்தரவு எதுவும் இல்லாத நாட்களில் நானாக விதி வைக்கலாமா? வைத்தால் ஆள் குறையுமா?

பதில்: வைக்கலாம். ஆனால் வண்டிக்குள் மட்டும், அட்வான்ஸ் வாங்கும் முன்பே சொல்லிவிட்டு, எல்லா டூருக்கும் இல்லாமல் சில தேதிகளுக்கு மட்டும் வையுங்கள். அப்படிச் செய்தால் மொத்த எண்ணிக்கை பெரிதாக அடிபடாது என்பது என் கணிப்பு. யார் வருகிறார்கள் என்பதுதான் மாறும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கேன்சல் போன்களை மட்டும் வைத்து முடிவெடுத்தால் கணக்கு தப்பிவிடும்.

மாஸ்க் பிடிக்காதவர் உங்களுக்குப் போன் செய்து சண்டை போடுவார், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார். அந்த நஷ்டம் உங்கள் நோட்டில் ஏறிவிடுகிறது. நோய்க்குப் பயப்படுகிறவர் அப்படிச் செய்வதில்லை. வயதான அம்மா, "இந்த வருஷம் வேண்டாம்ப்பா, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று மகனிடம் சொல்வதோடு விஷயம் முடிந்துவிடும். உங்களுக்குப் போனே வராது, அதனால் அப்படி ஒரு புக்கிங் போனதே உங்களுக்குத் தெரியாது. உங்களிடம் வருகிறவர்களில் பாதி ஓய்வுபெற்றவர்கள் என்கிறீர்கள். சத்தமில்லாமல் விலகுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். வருஷத்துக்கு ஒருமுறை வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் அந்த ஒரு பயணத்தையும் பயத்தில் விட்டுவிடுவது, உங்கள் வருமானத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும், வருத்தப்பட வேண்டிய விஷயம்.

மாஸ்க் கட்டாயம் என்றால் ஜனங்கள் பயணமே போகமாட்டார்களா? கோவிட் காலம் இதற்கு நல்ல பாடம். அமெரிக்காவில் 2021 பிப்ரவரி 1-ம் தேதியிலிருந்து விமானம், ரயில், பஸ் எல்லாவற்றிலும் மாஸ்க் கட்டாயம். அதே ஆண்டு ஜூன் மாதம் ஒரே நாளில் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையைக் கடந்தவர்கள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். 2020 ஏப்ரலில் அது ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கும் கீழே போயிருந்தது. நம் நாட்டிலும் அப்படித்தான். 2022 ஏப்ரலில் உள்நாட்டு விமானங்களில் ஒரே நாளில் 4 லட்சம் பேருக்கு மேல் பறந்தபோது எல்லோர் முகத்திலும் மாஸ்க் இருந்தாக வேண்டும். அந்தக் கட்டாயத்தை மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் நீக்கியது அதே ஆண்டு நவம்பரில்தான்.

இதை வைத்து, "மாஸ்க் போடச் சொன்னதால்தான் ஜனங்கள் தைரியமாக வந்தார்கள்" என்று சொல்லிவிடவும் முடியாது. தடுப்பூசி வந்தது, ஊரடங்கு தளர்ந்தது, ஒன்றரை வருஷம் அடைந்து கிடந்த ஏக்கமும் இருந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன. அமெரிக்காவில் 2022 ஏப்ரல் 18 அன்று ஒரு நீதிமன்றத் தீர்ப்பால் அந்தக் கட்டாயம் நின்றது. அதற்காக அந்த வாரமே விமான நிலையங்களில் கூட்டம் எகிறிவிடவில்லை. போக வேண்டும் என்று மனசு வைத்தவரை மாஸ்க் மட்டும் நிறுத்துவதில்லை, போக மனசில்லாதவரை மாஸ்க் மட்டும் கிளப்புவதும் இல்லை. நடுவில் நிற்கிறார்களே ஒரு கூட்டம், அவர்களிடம்தான் இந்த விதி வேலை செய்கிறது.

இன்பச் சுற்றுலாவை மற்றப் பயணங்களோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது என்பதும் உண்மை. ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ போகிறவர் என்ன சொன்னாலும் கட்டுப்பட்டுப் போய்வருவார். சுற்றுலா போகிறவர் சந்தோஷத்துக்காகப் போகிறார். தொட்டபெட்டாவில் முகத்தில் அடிக்கும் குளிர்காற்று, யூகலிப்டஸ் வாசனை, சூடான மிளகாய் பஜ்ஜி, குடும்பத்தோடு ஒரு போட்டோ எல்லாம் சேர்ந்ததுதான் அவர் காசு கொடுத்து வாங்கும் பண்டம். மாஸ்க் இவை ஒவ்வொன்றிலும் கை வைக்கிறது. அதனால் "மாஸ்க் போட்டுக்கிட்டு ஊட்டிக்கு எதுக்கு வரணும்?" என்று கேட்கிறவர் அடம்பிடிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் கேள்வி நியாயமானது. அந்தக் கேள்வியிலேயே உங்களுக்கு வழியும் இருக்கிறது. அவருக்குப் பிரச்சினை தொட்டபெட்டாவில். தொற்று பரவ அதிக வாய்ப்பு, கண்ணாடி ஏற்றி ஏசி போட்ட உங்கள் வண்டிக்குள். இரண்டும் வேறு வேறு இடம். திறந்தவெளியில் மாஸ்க்கை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டு வண்டிக்குள் மட்டும் கேட்டால் எதிர்ப்பில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

பெரிய சுற்றுலா இடங்களும் மாஸ்க்கைக் கழற்ற வழி விட்டுத்தான் விதி வைத்தன. புளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் 2020 ஜூலையில் திறந்தபோது 2 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் மாஸ்க் கட்டாயம். அத்தோடு, மாஸ்க்கைக் கழற்றிவிட்டு மூச்சு வாங்கிக்கொள்ளத் தனி இடங்களையும் ஒதுக்கினார்கள். சாப்பிடவும் குடிக்கவும் கழற்றலாம், ஆனால் ஓரிடத்தில் நிற்க வேண்டும், நடந்துகொண்டே சாப்பிடக் கூடாது. ராட்டினத்தில் போகும்போது தானாக எடுக்கப்படும் போட்டோவில் யாராவது மாஸ்க்கைக் கழற்றியிருந்தால் அந்தப் போட்டோவைக் கொடுக்கவில்லை. எதற்காக மாஸ்க்கைக் கழற்றத் தோன்றும் என்று யோசித்து, அந்த ஆசையின் மேலேயே கை வைத்திருக்கிறார்கள். உங்கள் அளவில் இதற்குச் சமமானது டீ நிறுத்தம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி நிற்கும், இறங்கிக் கழற்றிக்கொள்ளலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோயம்புத்தூரிலிருந்து ஊட்டி ஏறுவதற்குள் மேட்டுப்பாளையத்தில் ஒன்று, குன்னூரில் ஒன்று என்று நிறுத்தினாலே போதும். எப்போது கழற்றலாம் என்று தெரிந்தால் போட்டிருப்பது அவ்வளவு பாரமாகத் தெரியாது. ராமேஸ்வரம் நீண்ட ஓட்டம், வெயிலும் அதிகம். அங்கே நிறுத்தங்களைக் கூட்டுங்கள்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். மாஸ்க் அறிவிப்பு எல்லாக் காலத்திலும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. ஊரெல்லாம் காய்ச்சல் பேச்சாக இருக்கும்போது, "இந்த டூர்காரர் பொறுப்பானவர்" என்று படும். எந்தப் பேச்சும் இல்லாத மாதத்தில் அதே வரி, "அங்க ஏதோ பரவுது போல" என்ற சந்தேகத்தைக் கிளப்பும். 2025 ஜனவரியில் நீங்கள் இழந்த புக்கிங்கில் எவ்வளவு மாஸ்க்கை வெறுத்தவர்களுடையது, எவ்வளவு அறிவிப்பைப் பார்த்துப் பயந்தவர்களுடையது என்று பிரித்துப் பாருங்கள். கேன்சல் செய்தவர்களிடமே ஒருமுறை கேட்டுவிடலாம், தவறில்லை. முதல் கூட்டம் என்றால் விதியைச் சுருக்க வேண்டும். இரண்டாவது கூட்டம் என்றால் விதியை விளக்க வேண்டும்.

சரி, உங்கள் வாடிக்கையாளர்கள் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? "மாஸ்க் கட்டாயம் என்றால் வருவீர்களா?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். குழுவில் சத்தமாகப் பேசுகிறவர் பதில்தான் கிடைக்கும், அதையும் அவர் பிறகு கடைப்பிடிப்பார் என்ற உத்தரவாதமில்லை. சொல்வது ஒன்று, காசைக் கட்டும்போது செய்வது இன்னொன்று. ஒரே மாதத்தில் ஒரே ஊட்டி டூரை இரண்டு தேதிக்குப் போடுங்கள். இரண்டும் சனிக்கிழமையாக இருக்கட்டும், கட்டணமும் சாப்பாடும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒன்றில் வண்டிக்குள் மாஸ்க் கட்டாயம், மற்றதில் விருப்பம். எது முதலில் நிறைகிறது, எந்த வயதுக்காரர்கள் எதை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஒருமுறை பார்த்து முடிவுக்கு வராதீர்கள், பள்ளி விடுமுறை, முகூர்த்த நாள் எல்லாம் கணக்கைக் கலைக்கும். ஒரு சீசன் முழுக்கப் பாருங்கள். இரண்டு வண்டி இருப்பது இந்த விஷயத்தில் உங்களுக்குப் பெரிய வசதி. ஒரே தரப்பைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி உங்களுக்கு இல்லை.

விதி வைப்பதைவிட அதை நடத்துவதுதான் கஷ்டம். 2021 ஜூலையில் இரண்டாவது அலை ஓய்ந்ததும் ஜனங்கள் மணாலிக்கும் முசோரிக்கும் குவிந்தார்கள். மாஸ்க் விதி அமலில்தான் இருந்தது. மணாலியில் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 8 நாள் சிறை என்றுகூட எச்சரித்தார்கள். முசோரி பக்கத்திலுள்ள கெம்ப்டி அருவியில் மாஸ்க் இல்லாமல் கூட்டம் நெருக்கியடித்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது, பிறகு ஒரு நேரத்தில் 50 பேர், அரை மணி நேரம் என்று கட்டுப்படுத்தினார்கள். காகிதத்தில் இருந்த விதி யாரையும் வரவிடாமல் தடுக்கவில்லை, வந்தவர்களைக் காக்கவும் இல்லை. உங்கள் வண்டியில் இப்படி நடந்தால் நஷ்டம் இரட்டை. மாஸ்க் பிடிக்காதவர் விதியைப் பார்த்தே வரமாட்டார். மாஸ்க்கை நம்பி வந்த பெரியவர், பக்கத்து சீட்டுக்காரர் தாடையில் மாட்டிக்கொண்டு இருமுவதைப் பார்த்துவிட்டு அடுத்த முறை வரமாட்டார்.

அதட்டி நடத்தவும் முடியாது. அமெரிக்காவில் 2021-ல் விமானங்களில் அடாவடி என்று பதிவான 5,981 புகார்களில் 4,290 மாஸ்க் தொடர்பானவை. அங்கே சண்டையைச் சமாளிக்கப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் இருந்தார்கள். உங்களிடம் இருப்பது கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் ஒரு டிரைவர். அவரை இந்தப் பஞ்சாயத்தில் இழுக்கவே கூடாது. வங்கதேசத்தில் 600 கிராமங்களில், வயது வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரிடையே ஒரு பெரிய சோதனை நடந்தது. இலவசமாக மாஸ்க் கொடுத்தார்கள், ஊர்ப் பெரியவர்கள் முதலில் போட்டுக் காட்டினார்கள், பொது இடங்களில் ஆட்கள் நேரில் நின்று தன்மையாக நினைவூட்டினார்கள். சரியாக மாஸ்க் அணிந்தவர்கள் சுமார் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமானார்கள். குறுஞ்செய்தி அனுப்பியதாலோ பரிசு கொடுத்ததாலோ கூடுதல் பலன் வரவில்லை. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது நேரடியாக இருக்கிறது. வண்டி ஏறும் படியில் ஒரு பெட்டி சர்ஜிக்கல் மாஸ்க் வையுங்கள். நீங்களோ உங்கள் வழிகாட்டியோ போட்டுக்கொண்டு நின்று ஏறுகிறவருக்கு ஒன்றை நீட்டுங்கள். ஒவ்வொரு நிறுத்தம் முடிந்து ஏறும்போதும் இதையே செய்யுங்கள், ஏனென்றால் டீ குடித்த பிறகுதான் மாஸ்க் பாக்கெட்டுக்குள் போய்விடும்.

யாருக்கு விலக்கு என்பதையும் எழுதிவையுங்கள். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மாஸ்க் தேவையில்லை என்பது கோவிட் காலத்தில் நம் மத்திய சுகாதாரத் துறை தந்த வழிகாட்டுதல். மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கும் கட்டாயம் வேண்டாம். அப்புறம், மலைப்பாதையில் குமட்டல் வருகிறவர்கள். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. பத்தாவது வளைவிலேயே பின்சீட்டில் யாராவது முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பார்கள். வாந்தி வருகிறவர் முகத்தில், அதுவும் குழந்தை முகத்தில் மாஸ்க் இருப்பது ஆபத்து. உடனே கழற்றிவிட்டு ஜன்னலோரம் மாற்றுங்கள் என்று வழிகாட்டிக்குத் தெளிவாகச் சொல்லிவையுங்கள்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏசியை உள்காற்றையே சுழற்றும் நிலையில் விடாமல் வெளிக்காற்று வரும்படி வையுங்கள். குளிர் தாங்கும் என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு ஜன்னலை விரல்கடை அளவு திறந்துவிடுங்கள். இதற்கு யாரும் கேன்சல் செய்யமாட்டார்கள், பலனும் உண்டு. மாஸ்க் விருப்பமாக உள்ள தேதியில் வரும் பெரியவர்களுக்கு, முகத்தோடு ஒட்டி உட்காரும் என்-95 போடச் சொல்லுங்கள். மற்றவர்கள் போடாவிட்டாலும் போட்டவருக்கு அது பாதுகாப்பு தரும். எல்லோரும் போட்டால் இன்னும் நல்லது, அவ்வளவுதான்.

புக்கிங் செய்தியில் இப்படி ஒரு வரி போதும்: "இந்தத் தேதியில் வண்டி ஓடும்போது உள்ளே மாஸ்க் அவசியம், மாஸ்க் நாங்களே தருகிறோம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தம் உண்டு. இறங்கிய பிறகு உங்கள் விருப்பம். இது ஒத்துவராது என்றால் அடுத்த தேதிக்கு மாற்றித் தருகிறோம், அட்வான்ஸ் அப்படியே இருக்கும்." காரணத்தையும் சேர்க்கலாம்: "எங்களுடன் வயதானவர்கள் வருகிறார்கள்." நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கூடாது என்றபோது செக்போஸ்ட்டில் முணுமுணுத்தவர்கள்கூட இப்போது ஸ்டீல் பாட்டிலோடு ஏறுகிறார்கள் இல்லையா? முன்பே தெரிந்த நிபந்தனைக்கு ஜனங்கள் தயாராகி வருவார்கள். ஏறிய பிறகு சொல்லும் நிபந்தனைக்குத்தான் சண்டை வரும்.

அரசே உத்தரவு போட்டால் இந்த இரண்டு தேதி ஏற்பாடு செல்லாது, எல்லா வண்டிக்கும் உத்தரவில் உள்ளதுதான் விதி. அந்த நேரத்தில் ஏற்கெனவே புக் செய்தவர்களுக்கு அன்றே தகவல் சொல்லி, தேதி மாற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் கொடுங்கள். காய்ச்சல் பேச்சு அடங்கி, மாஸ்க் தேதிக்கு ஆள் சேராமல் இரண்டு மூன்று முறை போனால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். தேவைப்படும்போது திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். படியில் வைக்கும் மாஸ்க் பெட்டியை மட்டும் எடுக்காதீர்கள், சளி பிடித்து ஏறுகிறவர் எந்த மாதத்திலும் இருப்பார்.