பெரிய பூட்ஸ் சௌகரியமான பூட்ஸ் அல்ல: ஸ்னோபோர்டு கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், இரு கால்களையும் ஒரே பலகையில் பொருத்திப் பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டுக்காகக் காஷ்மீரின் குல்மார்க்குக்குப் போகும் பயணத்தை ஒட்டியவை. “எந்த பூட்ஸ் நல்லது, சொல்லுங்கள்” என்று ஒற்றை வரி எழுதிவிட்டுக் கால் அளவையோ போகும் இடத்தையோ குறிப்பிடாதவர்களுக்கு இங்கே பதில் இல்லை.

ஜனவரியில் நண்பர்களுடன் ஐந்து நாள் குல்மார்க் போகிறேன். முதல் முறை. பூட்ஸை வாங்கிக்கொண்டே போய்விடலாமா? (கும்பகோணம்)

வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். அங்குள்ள கடைகளில் ஸ்கீ பூட்ஸே அதிகம் புழங்குவதால், கேட்கும்போதே ஸ்னோபோர்டு பூட்ஸ் என்று தெளிவாகச் சொல்லுங்கள். விறைப்பான பிளாஸ்டிக் ஓடு கொண்டது ஸ்கீ பூட்ஸ். வளைந்து கொடுப்பது நமக்கு வேண்டியது. காலை விடுவதற்கு முன் உள்ளே கையை விட்டு, விரல் நுனிப் பக்கம் லைனர் (பூட்ஸின் மெத்தென்ற உள்ளுறை) ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய நாள் எடுத்தவருடைய ஈரம் அது. காலை பத்து மணிக்கே உங்கள் விரல்களை மரத்துப்போகச் செய்துவிடும். காலுறையை மட்டும் சொந்தமாகக் கொண்டு போங்கள்.

என் சைஸ் 8. ஸ்னோபோர்டு பூட்ஸில் அது எந்த எண்? (மன்னார்குடி)

எந்த நாட்டு எட்டு? நம்மூர்க் கடையில் சொல்லும் எட்டு பெரும்பாலும் பிரிட்டிஷ் எண். ஆண்களுக்கான அமெரிக்க எண்ணில் அது ஏறத்தாழ ஒன்பது, சென்டிமீட்டரில் சொன்னால் 27. இந்தக் குழப்பமே வேண்டாம் என்றுதான் பெட்டியின் மேல் மாண்டோ அளவு என்று சென்டிமீட்டரில் அச்சிடுகிறார்கள். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், குதிகாலைச் சுவரில் ஒட்டி முழு எடையையும் ஊன்றி நின்று, மிக நீண்ட விரலின் நுனி வரை அளந்துகொள்ளுங்கள். சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். இரண்டு கால்களையும் அளந்து, பெரிய காலின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் கால்கரியில் படிக்கிறான். குளிர் கடுமை என்பதால், இரண்டு ஜோடி காலுறை போட வசதியாக ஒரு சைஸ் பெரிதாக வாங்கச் சொல்லியிருக்கிறேன். சரிதானே? (திருவாரூர்)

சரியல்ல, அம்மா. இதை நான் எழுதாத மாதமே இல்லை என்றாலும் கடிதங்கள் நிற்கவில்லை. பள்ளிக்கூடச் செருப்பை அடுத்த ஆண்டுக்கும் சேர்த்து வாங்கிப் பழகிய கை நம்முடையது. அந்தக் கணக்கு பனியில் செல்லாது. பலகையைத் திருப்புவது அதன் ஓரத்தைப் பனியில் பதிப்பதால்தான். விரல் பக்கத்து ஓரத்தில் சாயும்போது பூட்ஸுக்குள் குதிகால் அரை அங்குலம் எழும்பினாலும், கால் சொல்வது பலகைக்குத் தாமதமாகவே போய்ச் சேரும். உடனே பையன் என்ன செய்வான்? லேஸை இழுத்து முறுக்குவான், பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கின் பட்டையையும் இறுக்குவான். அது புறங்காலை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். கால் இன்னும் அதிகமாகக் குளிரும். குளிருக்குப் பயந்து வாங்கிய பெரிய பூட்ஸே குளிரைக் கொண்டுவருகிறது. இரண்டாவது காலுறையும் உதவாது. மடிப்பு விழுந்து கொப்புளம் போடும், வியர்வையையும் தேக்கும். மெரினோ கம்பளியில், பூட்ஸின் விளிம்புக்கு மேல் ஏறும்படியான மெல்லிய காலுறை, ஒரே ஒரு ஜோடி போதும். பருத்தி கூடவே கூடாது.

நிமிர்ந்து நிற்கும்போது விரல்கள் முன்பக்கத்தை இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் சற்றே பின்வாங்க வேண்டும். குதிகால் எழும்பவே கூடாது. கடையில் கொஞ்சம் இறுக்கமாகத் தெரிவதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஏனென்றால் பத்து நாள் சறுக்கலுக்குள் லைனர் ஏறத்தாழ அரை சைஸ் இளகிவிடும். வெப்பத்தில் வடிவம் கொள்ளும் லைனராக இருந்தால் கடையிலேயே சூடேற்றிக் காலுக்குப் பொருத்தித் தருவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த நம் பக்கத்துப் பாதம் முன்பகுதியில் விரிந்திருப்பது வழக்கம். ஓரங்கள் நசுங்குவதைப் பார்த்து நீளத்தைக் கூட்டிவிடுகிறார்கள். கூட்ட வேண்டியது அகலம். பர்ட்டன், சாலமன், கே2 போன்ற நிறுவனங்கள் அகலப் பாதத்துக்கென்றே தனி மாதிரிகள் வைத்திருக்கின்றன. மகனிடம் அதைக் கேட்கச் சொல்லுங்கள்.

லேஸா, போவா டயலா? (பட்டுக்கோட்டை)

போவா என்பது, திருகினால் மெல்லிய கம்பி இழுபட்டு பூட்ஸ் இறுகும் குமிழ். கையுறையைக் கழற்றாமல் நொடியில் இறுக்கவும் தளர்த்தவும் அது வசதி. புறங்காலுக்கும் கணுக்காலுக்கும் தனித்தனி இறுக்கம் வேண்டுமென்றால் இரட்டை டயல் வாங்குங்கள், அல்லது பழைய லேஸே போதும். லேஸ் அறுந்தால் எந்தக் கடையிலும் கிடைக்கும். போவா கம்பி அறுந்தால் அதற்கான உதிரி கையில் இருக்க வேண்டும்.

மியூனிக்கில் வேலை. வார இறுதியில் ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறோம். எல்லா வகைச் சரிவுக்கும் ஒரே பூட்ஸ் போதுமா? (மயிலாடுதுறை)

போதும். பத்துக்கு ஐந்து அளவிலான நடுத்தர விறைப்பை எடுங்கள். எட்டு, ஒன்பது எல்லாம் வேகமாகச் செங்குத்தில் இறங்குபவர்களுக்கு. இந்த எண்ணுக்குப் பொது அளவுகோல் கிடையாது, ஒரு நிறுவனத்தின் ஐந்து இன்னொன்றின் ஏழாக இருக்கலாம் என்பதால், போட்டுக்கொண்டு முழங்காலை முன்னே தள்ளிப் பார்த்து முடிவு செய்யுங்கள். வீட்டுக்குள் அரை மணி நேரம் நடந்தும் பாருங்கள், குதிகால் எழும்புகிறதா என்று. பட்டை இல்லாமல், மிதித்தாலே பலகையில் பூட்டிக்கொள்ளும் ஸ்டெப் ஆன் வகை பூட்ஸ் வாங்கினால் அதற்கென்றே உள்ள பைண்டிங்கும் வாங்கியாக வேண்டும். விலையை மட்டும் பார்த்து ஒன்றை வாங்கிவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

ஆறு வருடத்துக்கு முன் வெளிநாட்டில் வாங்கிய பூட்ஸைப் பரணில் பத்திரமாக வைத்திருந்தேன். எடுத்தபோது சோல் பொடிப்பொடியாக உதிர்கிறது. போலியா? (நாகப்பட்டினம்)

போலி இல்லை. பாலியூரித்தேன் சோல் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் உடையும்; கடலோர ஈரக்காற்றில் அது இன்னும் விரைவு. ஒட்டிச் சரிசெய்ய முடியாது. அடுத்த ஜோடிக்கு ஈ.வி.ஏ. என்ற இலேசான நுரைப்பொருளாலான நடுச்சோலும் ரப்பர் அடியும் கொண்டதைக் கேட்டு வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் லைனரைத் தனியே உருவி, செய்தித்தாளைத் திணித்துக் காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். பாலித்தீன் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். வெயிலிலோ அடுப்படியிலோ காய வைத்தால் பசை விட்டுப்போகும்.

வயது 56, சர்க்கரை நோய் உண்டு. குடும்பத்தோடு போகும்போது நானும் ஒரு முறை முயலலாமா? (திருவையாறு)

முதலில் உங்கள் மருத்துவரிடம் பாத உணர்ச்சியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால், உரசுவதும் மரத்துப்போவதும் உங்களுக்குத் தெரியாது. அவர் அனுமதித்தாலும் மணிக்கொரு முறை கழற்றிப் பார்ப்பது அவசியம். காலுறை ஒரே ஜோடி.

வாங்கிய பூட்ஸ் சும்மா கிடக்கிறது. கொல்லிமலை ஏறப் போட்டுக்கொள்ளலாமா? (பாபநாசம்)

கூடாது. மலையேறும் அளவுக்குக் கணுக்கால் மடங்காது, கால் வெந்துபோகும். நல்ல நிலையில் இருந்தால் விற்றுவிடுங்கள்.