புற்றுக்காளானும் மஞ்சள் தூள் சோதனையும்

கேள்வி: ஐப்பசி மழையில் இடி இடித்த மறுநாள் எங்கள் தோட்டத்துக் கரையான் புற்றருகே காளான் பூத்துவிடுகிறது. மஞ்சள் தூளும் பூண்டும் போட்டு வேகவைத்து, நிறம் கறுக்காவிட்டால் விஷமில்லை என்கிறார் என் மாமியார். அதை நம்பிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? (வாசகி, ஈரோடு மாவட்டம்)

பதில்: அந்தச் சோதனையை நம்பிக் கொடுக்கவே கூடாது. உயிரைப் பறிக்கும் காளான்களில் பெரும்பாலானவை அமானிட்டா இனத்தைச் சேர்ந்தவை. அவற்றில் உள்ள அமாடாக்சின் என்ற நஞ்சு மஞ்சளோடோ பூண்டோடோ வெள்ளிக் கரண்டியோடோ சேர்ந்து எந்த நிறமும் காட்டாது. எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும், வெயிலில் காயவைத்தாலும் அது அழிவதில்லை. பூச்சி அரித்த காளான் நமக்கும் ஆகும் என்பதும் தவறு, ஏனெனில் நத்தையும் புழுவும் இவற்றைத் தின்றுவிட்டு நலமாகவே இருக்கின்றன. உண்டு பிழைத்தவர்கள் பலர் சுவை நன்றாகவே இருந்ததாகச் சொல்லியிருப்பதால், நாக்கும் இதில் துணைக்கு வராது.

அதே சமயம் உங்கள் மாமியாரின் அறிவைக் குறைத்து மதிக்க எனக்கு மனமில்லை. அவர் இத்தனை காலம் நலமாகச் சாப்பிட்டு வந்தது மஞ்சள் தூளால் அல்ல. எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், எப்படிப்பட்ட காளான் முளைக்கும் என்று அவர் கண்ணுக்குத் தெரிந்திருப்பதால்தான். அந்தக் கண்ணைத்தான் நீங்கள் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

புற்றுக்காளானைப் பிடுங்காமல், சுற்றிலும் மண்ணைத் தோண்டி எடுங்கள். அதன் தண்டு மண்ணுக்குள் வேர்போல நீண்டு, கரையான்கள் பூசணம் வளர்க்கும் கூடுவரை இறங்கியிருக்கும். குடையின் உச்சியில் கருமை படர்ந்த, கெட்டியான ஒரு கூர்முனை இருக்கும். அமானிட்டாவிலோ தண்டின் அடி பருத்து, முட்டை ஓடு கிழிந்ததுபோல் ஒரு உறை அதைச் சூழ்ந்திருப்பது வழக்கம். மேலாகக் கிள்ளி எடுத்தால் அந்த உறை மண்ணிலேயே தங்கிவிடும். எச்சரிக்கும் அடையாளமும் அதோடு போய்விடும். விரியாத மொட்டுகளைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அந்தப் பருவத்தில் பல இனங்கள் ஒன்றுபோலவே தோன்றும்.

அடுத்தது வித்துத் தூளின், அதாவது குடையின் அடியில் உள்ள மடிப்புகளிலிருந்து உதிரும் நுண்தூளின், நிறம். விரிந்த குடையைத் தண்டு நீக்கி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின் மேல் மடிப்புகள் கீழே படும்படி வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். புற்றுக்காளானின் தூள் இளஞ்சிவப்பாகப் படியும், அமானிட்டாவினுடையது வெள்ளையாக இருக்கும். புல்வெளியில் வளையமாக முளைத்து, உண்ட சில மணி நேரத்திலேயே கடும் வாந்தியை உண்டாக்கும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற பெரிய வெண்குடைக் காளானின் தூள் பச்சையாக இருக்கும். இளசில் அதன் மடிப்புகளும் வெள்ளையாக இருப்பதால் வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனாலும் இச்சோதனை ஒரு காளானை ஒதுக்கத்தான் உதவும், உறுதி செய்ய உதவாது. இளஞ்சிவப்புத் தூள் உடைய என்டோலோமா இனத்திலும் நஞ்சுள்ளவை உண்டு. புற்றருகே முளைப்பதெல்லாம் புற்றுக்காளான் ஆகிவிடாது என்பதால், ஒவ்வொரு காளானையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஓர் அடையாளம் பொருந்தவில்லை என்றாலும் எறிந்துவிடுங்கள். குழந்தைகளின் எடைக்குச் சிறிதளவு நஞ்சே போதும். அவர்களுக்குப் பண்ணையில் வளர்த்த சிப்பிக்காளானோ பால்காளானோ வாங்கிச் சமைப்பதையே நான் விரும்புவேன்.

கேள்வி: கைப்பேசிச் செயலியில் படம் எடுத்துப் பார்த்தால் பெயர் சொல்லிவிடுகிறதே, அது போதாதா? (வாசகர், தேனி)

பதில்: போதாது. மண்ணுக்குள் இருக்கும் அடிப்பகுதியும் தூளின் நிறமும் மணமும் படத்தில் வருவதில்லை. பெயரைத் தேடத் தொடங்க அது உதவலாம். சமைக்கலாமா என்று முடிவு செய்ய உதவாது.

கேள்வி: காட்டுக் காளான் சாப்பிட்டவருக்கு வாந்தி வந்து நின்றுவிட்டால் ஆபத்து நீங்கியதாகக் கொள்ளலாமா? (வாசகி, கூடலூர்)

பதில்: கொள்ளக் கூடாது. அமாடாக்சின் உடலில் சேர்ந்தால் பெரும்பாலும் 6 முதல் 24 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கி, ஒரு நாள் கழித்துத் தணிந்து, நோயாளி தேறிவிட்டதுபோல் எழுந்து உட்காருவார். அந்த நேரத்தில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் உண்டு 13 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். தோட்டப்பகுதிகளில் வாழும் நம் மக்களும் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே சந்தேகம் வந்த உடனே 108-ஐ அழைத்து, கல்லீரல் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். அதே குழம்பைச் சாப்பிட்ட எல்லோரும், நலமாக இருப்பவர்கள் உட்பட, உடன் செல்ல வேண்டும். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எப்போது வாந்தி தொடங்கியது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மிஞ்சிய காளானையும், நறுக்கியெறிந்த அடித்தண்டையும் பிளாஸ்டிக் பையில் அழுகவிடாமல், காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்.