பேச்சு சிகிச்சைக்கு 24,000 ரூபாய் முன்பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 53. மதுரையில் வசிக்கிறேன். வங்கி வேலையிலிருந்து சென்ற ஆண்டு விருப்ப ஓய்வு பெற்றேன். ஒரே மகள் திருமணமாகிப் பெங்களூரு சென்றுவிட்டாள். சில மாதங்களாக விடியற்காலை மூன்று மணிக்குப் படபடப்புடன் விழித்துக்கொள்கிறேன். இசிஜி, எக்கோ இரண்டிலும் குறை இல்லை என்கிறார்கள். ஆனாலும் பஸ்ஸில் போகவும் மாடிப்படி ஏறவும் பயம். தைராய்டு மாத்திரையும், முடி உதிர்வுக்கு வைட்டமினும் சாப்பிடுகிறேன். தூக்கத்துக்கு மருந்துக்கடையில் ஒரு சிறு மாத்திரை கொடுத்தார்கள். உறவினர் மூலம் அறிமுகமான மனநலப் பயிற்சியாளர் ஒருவர், 12 அமர்வுகளுக்கு 24,000 ரூபாயை முன்பணமாகக் கேட்கிறார். வெறும் பேச்சுக்கு இவ்வளவா? என் தங்கையிடம் பேசினால் போதாதா? மகளின் புகுந்த வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்றும் அச்சமாக இருக்கிறது.

பதில்: கட்டாதீர்கள். பேச்சு சிகிச்சையே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அது உங்களுக்கு உதவும் என்றே தோன்றுகிறது. ஆனால் உங்களை ஒருமுறைகூட உட்காரவைத்துக் கேட்காமல், பன்னிரண்டு அமர்வுக்கும் சேர்த்து வசூலிப்பவர் சீட்டு நடத்துகிறார் என்றுதான் சொல்வேன்.

அமர்வுகளின் எண்ணிக்கையில் அவர் பொய் சொல்லவில்லை. பதற்றத்துக்கான சிகிச்சை வாரம் ஒருமுறை, சுமார் ஒரு மணி நேரம் என்று பன்னிரண்டு முதல் பதினைந்து வாரம் வரை போவது வழக்கம். சிலருக்கு முன்னதாகவே போதுமாகிவிடும். அவரோடு ஒத்துப்போகிறதா இல்லையா என்பதும் நான்கைந்து அமர்வுக்குள் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் எழுந்து போக உங்களுக்கு இருக்கும் உரிமையைத்தான் முன்பணம் பறித்துக்கொள்கிறது. ஒவ்வொரு அமர்வுக்கும் அன்றன்று பணம் கொடுங்கள், ரசீது கேளுங்கள். அறிமுகப்படுத்திய உறவினருக்கு இதில் ஏதும் பங்கு உண்டா என்பதையும் பக்குவமாக விசாரித்துவிடுங்கள். ஆள் அனுப்பினால் கமிஷன் என்ற பழக்கம் ஸ்கேன் மையங்களோடு நின்றுவிடவில்லை.

பயிற்சியாளர், ஆலோசகர், வாழ்வியல் வழிகாட்டி என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம், கேட்பாரில்லை. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கவுன்சில் அது. அதன் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். தேடத் தெரியாவிட்டால் மகளைத் தேடச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாத நல்ல ஆலோசகர்களும் இருக்கிறார்கள். ஆனால் வெளியிலிருந்து பார்க்கும் உங்களால் அவர்களைப் பிரித்தறிய முடியாது என்பதால், பட்டியலில் உள்ளவரிடமே தொடங்குங்கள். உளவியல் ஆலோசகர்களையும் பதிவுக்குள் கொண்டுவருவதற்கென்று 2021-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். சட்டம் போட்டதும் கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ, பலகைகள் அப்படியே தொங்குகின்றன. பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ இருந்தால் எதில் பெற்ற பட்டம், எங்கே பெற்றது என்று கேளுங்கள். மேடையில் பொன்னாடையோடு சேர்த்துக் கொடுத்த கௌரவப் பட்டமாகவும் இருக்கலாம். ஹிப்னாடிசத்தில் முற்பிறவிக்கு அழைத்துப் போகிறேன் என்பவரிடம் கேள்வியே வேண்டாம், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

யாரிடமும் பேசுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை பாக்கி இருக்கிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பலரும் தாண்டிப் போகும் இடம் இது. தைராய்டு மாத்திரையின் அளவு தேவைக்கு மேல் போனால் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை எல்லாம் வரும். நீங்கள் பதற்றம் என்று எழுதியிருப்பதும் ஏறக்குறைய இதேதான். உடல் எடை குறைந்தாலும் வயது கூடினாலும் பழைய அளவு அதிகமாகிவிடக்கூடும். ஆகவே மாத்திரையின் அளவு சரியா என்று காட்டும் டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் முடிக்கான அந்த வைட்டமின் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பெரும்பாலும் பயோட்டின் என்று இருக்கும். உடலுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். முடி மாத்திரைகளிலோ 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று அள்ளிக் கொட்டியிருப்பார்கள். அதனால் பல ஆய்வகங்களின் பரிசோதனை முறை ஏமாந்துபோய், தைராய்டு அதிகமாக இல்லாதவருக்கும் அதிகம் என்று காட்டிவிடும். அந்தச் சீட்டை நம்பி மருத்துவர் மாத்திரையைக் குறைத்தால் இன்னொரு தொல்லை தொடங்கும். எனவே பயோட்டினை இரண்டு நாட்களாவது நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். தைராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மாரடைப்பை அறிய எடுக்கும் டிரோபோனின் பரிசோதனையையும் பயோட்டின் குழப்பக்கூடும் என்பதால், அவசரமாக எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அதைச் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். இந்த வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்துப் படபடப்பும் சேரும். அதையும் அதே மருத்துவரிடம் கேளுங்கள்.

தூக்கத்துக்குக் கடையில் தந்த அந்தச் சிறு மாத்திரையின் அட்டையில் அல்பிரசோலாம் அல்லது குளோனசெபாம் என்று இருந்தால், மருத்துவரின் சீட்டு இல்லாமல் அதை விற்றதே குற்றம். சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும் மருந்து அது. தினமும் சாப்பிட்டு வந்திருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இனி தங்கை. அவரிடம் தாராளமாகப் பேசுங்கள். ஆனால் அவர் உங்கள் மேல் உள்ள அன்பினாலேயே “ஒன்றுமில்லை அக்கா, கவலைப்படாதே” என்பார். அந்தச் சொல்லின் தெம்பு மாலைவரை இருக்கும், மூன்று மணிக்குக் கரைந்துபோகும். மறுபடி நாடியைப் பிடித்துப் பார்ப்பீர்கள், மறுபடி ஒரு இசிஜி எடுக்கத் தோன்றும், மாடிப்படியைத் தவிர்ப்பீர்கள். ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் ‘ஏறியிருந்தால் ஏதோ ஆகியிருக்கும்’ என்ற எண்ணம் இறுகும். சிகிச்சை இதைத் தலைகீழாகச் செய்கிறது. பயிற்சி பெற்றவர் உங்களை அவசரப்படுத்தாமல், முதலில் நான்கு படி, பிறகு எட்டுப் படி என்று ஏறச் சொல்வார். இதயம் வேகமாக அடிக்கும், பிறகு தானே அடங்கும். அதை உங்கள் உடம்பே பலமுறை பார்த்தால்தான் நம்பும். பஸ் பயணத்துக்கும் இதே வழிதான்.

‘மற்றவர்கள் எல்லாம் தாங்கிக்கொள்ளவில்லையா, உனக்கு மட்டும் என்ன’ என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்கிறீர்களா என்றும் அவர் கேட்பார். பரிவோடு பேசுவது என்பது உங்களைப் பார்த்து உச்சுக்கொட்டுவது அன்று. காலை டிபன் பாக்ஸ், பத்து மணிக்குக் கவுண்டர், மாலையில் மகளின் வருகை என்று முப்பது ஆண்டுகளாக ஓடிய நாளில், வேலையும் மகளும் ஒரே நேரத்தில் இல்லாமல் போய்விட்டது இழப்புதான் என்பதை ஒப்புக்கொண்டு, அந்த நேரத்தில் இனி எதை வைப்பது என்று உங்களோடு சேர்ந்து யோசிப்பது அது.

ரகசியத்துக்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் காப்பு. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில நிலைகள் நீங்கலாக, உங்கள் அனுமதியின்றி மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ வெளியே சொல்லக் கூடாது. உங்கள் பயிற்சியாளர் இந்தச் சட்டத்தின்கீழ் வருகிறவர் அல்லர் என்பதைக் கவனியுங்கள். காப்பீட்டில் உடல்நோய்க்கும் மனநோய்க்கும் வேறுபாடு கூடாது என்றும் இதே சட்டம்தான் சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தருகின்றன. படுக்காமல் இருப்பதற்காக வாரந்தோறும் போகிற சிகிச்சைக்கு உங்கள் கைப்பணம்தான்.

அது முடியாதென்றால் அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம், கட்டணமில்லை. அரசு மருத்துவமனைப் புறநோயாளிக் கூட்டத்தில் உங்களுக்கு ஒதுக்கும் சில நிமிடங்களில் பேச்சு சிகிச்சை நடக்காது; உளவியலாளர் பணியிடங்களைப் போதிய அளவு உருவாக்காமல் மேடையில் மனநலம் பேசுகிறார்கள். அதனால் முதல் நாளிலேயே ‘உளவியலாளரைத் தனியாகப் பார்க்க எந்தக் கிழமை வர வேண்டும்?’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் இரவில் தாங்க முடியாமல் போனாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழையுங்கள். எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மகளிடம் மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள். தினமும் தொலைபேசியில் “நெஞ்சு எப்படி இருக்கிறது அம்மா?” என்று கேட்கிறாள் என்றால், அதற்குப் பதிலாக இன்று எங்கே போய்வந்தீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.